இரவல் பெட்டியில் போன தாய்மாமன் சீர்

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் எங்கள் மகள், டிராக்டர் ஓட்டிய என் தம்பி, அம்மா இல்லாத இடத்தில் நின்று எங்கள் வீட்டு விசேஷங்களையெல்லாம் முன்னால் நடத்தும் சித்தி. கிடாயைச் சேர்த்தால் ஆறு உயிர். அவனியாபுரத்தில் புறப்படும்போது ஒரு தடவை, ரிங் ரோட்டில் ஏறும்போது ஒரு தடவை எண்ணினேன். எண்ணாவிட்டால் யாரையோ விட்டுவிட்டு வந்ததுபோலவே இருக்கும் எனக்கு.

போனது தங்கச்சி மகனுக்குக் காது குத்த. திருமங்கலம் தாண்டி, மானாவாரிக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது மச்சானுடைய குலசாமி கோயில். வெள்ளிக்கிழமை. ஒன்பதேகாலுக்கு மேல் பத்தேகாலுக்குள் நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும். அதற்குள் முடியிறக்கி, பயலை என் மடியில் வைத்துக் காது குத்தியாக வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தானா என்றால், தம்பியும் தாய்மாமன்தான். ஆனால் மூத்தவன் நான் இருக்கும்போது அவன் மடி கணக்கில் வராது. தவிர அவனும் என்னோடுதானே வருகிறான்.

இதற்கு முன்னால் தங்கச்சியின் மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது எங்களுக்குக் கை வறண்டிருந்தது. கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரே ஒரு தாம்பாளத்தோடு பஸ்ஸில் போய் இறங்கினேன். அதில் வாழைப்பழமும் ஒரு பாவாடை சட்டையும் இருந்தன. மச்சானுடைய பெரியம்மா எல்லோர் முன்னாலும், "தட்ட இறுக்கிப் புடிப்பா, காத்துல பறந்துறப் போகுது" என்றது. தங்கச்சி சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அதனால் இந்தத் தடவை ஒன்பது தட்டு, இரண்டு மூட்டை அரிசி, பித்தளை அண்டா, கிடாய் எல்லாவற்றோடும் சொந்த டிராக்டரில் போய் இறங்குவது என்று நானும் தம்பியும் முடிவு செய்திருந்தோம். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தட்டோடு போய்ச் சேர வேண்டும். எனக்கு அன்றைக்கு வேறு ஆசை கிடையாது.

டிராக்டருக்குப் பின்னால் கோக்கும் டிரெய்லரை நாங்கள் பெட்டி என்போம். எங்கள் பெட்டி இரண்டு சக்கரப் பெட்டி, டிராக்டரைவிட வயதில் மூத்தது. மேலே தார்ப்பாய் கட்டி, அடியில் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்தால் குடும்பமே உட்காரலாம். உட்காரக் கூடாது என்று சட்டம் இருப்பதாக மகள் சொல்வாள். அது தெரிந்ததால் காக்கிச் சட்டை எதைப் பார்த்தாலும், அது செக்யூரிட்டியாக இருந்தாலும், தார்ப்பாயை இழுத்து மூடிவிடுவேன்.

அந்தப் பெட்டியில் நாங்கள் போகாத கோயில் இல்லை. அது நின்றுபோகாத ரோடும் இல்லை. ஒரு தடவை பின்கதவு திறந்துகொண்டு பொங்கப் பானை நாலு வழிச் சாலையில் உருண்டது. அன்றிலிருந்து நைலான் கயிறு வைத்துக்கொள்வேன். ஒரு மழை நாளில் கரிசல் மண்ணில் ஜாக்கி வைத்தோம். வண்டி மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போனது. அன்றிலிருந்து பலகை. ஒரு தடவை டிராக்டரையும் பெட்டியையும் கோக்கும் இரும்பு ஆணி முறிந்தது. அன்றிலிருந்து உபரி ஆணி. இப்படி ஒவ்வொரு சங்கடத்துக்கும் ஒரு பொருள் சேர்ந்து ஒரு சாக்கு நிறைந்துவிட்டது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நான் படித்ததெல்லாம் அந்தச் சாக்கில்தான் இருக்கிறது. "எங்கப்பா ஒரு பட்டறையத் தூக்கிக்கிட்டுத்தான் சாமி கும்பிடப் போவாரு" என்று மகள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

விடியும் முன்பே வண்டிக்குப் பூசை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, விளக்கைச் சுற்றி மாலை போட்டு, இரண்டு சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்திலும் சந்தனத்தை அப்பி, பெரிதாகக் குங்குமம் வைத்தாள் மனைவி. கிடாய்க்கும் ஒரு பொட்டு.

கப்பலூருக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினோம். நான் வழக்கம்போல இறங்கிச் சக்கரத்தைச் சுற்றி வந்தேன். இடது பக்கக் குடத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு வழிந்து டயர் வரைக்கும் இறங்கியிருந்தது.

"இது என்னம்மா இப்பிடி வழியுது?" என்றேன்.

"குங்குமம்ங்க. சந்தனத்துல தண்ணி கூடிப்போச்சு" என்றாள் மனைவி.

சித்தி எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "சாமிக்கு வேர்க்குதுடா. நம்ம கூடவே நடந்து வருதுல்ல. நல்ல சகுனம்."

குடத்தில் கை வைத்தேன். சுட்டது. தம்பியிடம் சொன்னேன்.

"அண்ணே, ஓடுற வண்டி சுடாம குளுருமாண்ணே? நீ போன வருசமும் இதத்தான் சொன்ன. அதுக்கு முந்துன வருசமும் இதத்தான் சொன்ன."

உண்மைதான். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுக்கு எது நிஜமான பயம் என்று அவனுக்கே தெரியாது. டீயைக் குடித்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

கப்பலூர் தாண்டியதும் பெட்டி ஒரு பக்கமாக இழுத்தது. தகரக் கூரையைக் கீறுவதுபோல ஒரு கீச்சல். அப்புறம் புகை. தம்பி ஓரம் கட்டுவதற்குள் இடது சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு, ரோட்டில் கறுப்பாகத் தேய்ந்துகொண்டு வந்து நின்றது. குங்குமத்தோடு சேர்ந்து வழிந்தது கிரீஸ். உள்ளே பேரிங் கருகி, உருகி, அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பொட்டு வைக்காத குடமாக இருந்திருந்தால் கறுப்புக் கோட்டைப் பார்த்த உடனேயே தம்பி கண்டுபிடித்திருப்பான். சிவப்பாகவே இருந்ததால் அதைச் சாமி கணக்கில் எழுதிவிட்டோம்.

சாக்கை அவிழ்த்தேன். கயிறு, பலகை, டியூப், பசை, கம்பி, டார்ச், இரண்டு எலுமிச்சம்பழம். பேரிங் இல்லை. இருந்தாலும் ஒட்டிப்போனதைப் பிடுங்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பட்டறைகள் திறக்கவே ஒன்பதரையாகும். மணி எட்டைத் தாண்டியிருந்தது. லோடு வேன் ஒன்றுக்குப் போன் போட்டோம். முகூர்த்த நாள், எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறதாம்.

மச்சானுக்குப் போன் பண்ணினேன்.

"என்ன மச்சான் இப்பிடிச் சொல்றீக?" என்றார். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நேரம் தப்பக் கூடாதுன்னு பெரியம்மா நிக்கிது. உங்க சித்தப்பா மகன் இங்கதான் இருக்காப்ல. ஒன்னுவிட்ட தாய்மாமன்தான? அவரு மடியில வச்சுக்கிருவோமான்னு கேக்குறாக…"

போன் கை மாறியது. தங்கச்சி குரல்.

"அண்ணே, நீ பதறாம வா. நீ வர்ற வரைக்கும் இவன என் இடுப்ப விட்டு எறக்க மாட்டேன். நேரம் போனாப் போகட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா சீக்கிரம் வாண்ணே" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டிராக்டர் நல்லாத்தான இருக்கு" என்றாள் மனைவி. "பெட்டியக் கழட்டி விட்டுட்டு நீங்களும் தம்பியும் மட்டும் போங்க. மடிதான முக்கியம்? தட்டு பிறகு வரட்டும்."

"தட்டில்லாமப் போனா அந்தக் கெழவி என்ன சொல்லும்னு தெரியும்ல?" என்றது சித்தி. "போன தடவையாவது ஒரு தட்டு இருந்துச்சு."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீக சின்னத்த?"

"எனக்கென்ன தெரியும்? சாமிதான் கூட வருதே, அதுகிட்டக் கேளு."

நான் ஆணியைக் கழற்றக் குனிந்தேன். தட்டு நின்றாலும் மடியாவது போய்ச் சேரட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதன் பின்னால் காலிப் பெட்டி, புதுப் பச்சை பெயின்ட், பக்கவாட்டில் பிறையும் 786-ம். ஓட்டிவந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கைலி, முழுக்கைச் சட்டை, தாடியில் பாதி நரை. மட்கார்டில் அவருடைய மச்சினன் உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்டு மாப்ள, இம்புட்டுத் தட்டோட? சீரா?"

சொன்னேன். ஒரே மூச்சில், நேரம், ராகு காலம், மடி, பழைய தாம்பாளம் வரைக்கும் சொல்லிவிட்டேன். பயத்தில் இருக்கும்போது எனக்கு வாய் நிற்காது.

அவர் சக்கரத்தைப் பார்த்தார். கையை நீட்டி, சூட்டுக்குப் பயந்து இழுத்துக்கொண்டார். மச்சினனைப் பார்த்தார். மச்சினன், "அத்தான், பாத்திரம் எடுக்கணும், சொன்ன நேரத்துக்குப் போகலன்னா மண்டபத்துக்காரன் கத்துவான்" என்றார்.

"கத்தட்டும். நேத்து வரைக்கும் பிரியாணி தின்னவன்தான, தெம்பா கத்துவான்" என்றவர் என்னிடம் திரும்பினார். "எங்க பெட்டிய மாட்டிக்கிட்டுப் போ மாப்ள. உங்க பெட்டிகிட்ட நாங்க நிக்கிறோம். கப்பலூர்ல லேத்துக்காரரு எனக்குத் தெரிஞ்சவருதான், தெறந்ததும் கூட்டிட்டு வாரேன்."

நான் நம்பவில்லை. நல்லது நடந்தாலும் அதற்குள் ஒரு கெட்டதைத் தேடும் புத்தி எனக்கு.

"பாய், எங்களத் தெரியாதே உங்களுக்கு. ஆதார் கார்டு வேணும்னா…"

"உங்க பெட்டி எங்கிட்ட இருக்குல்ல. அது போதாதா?"

"எங்க பெட்டி உங்க பெட்டியோட ஒரு சக்கரத்துக்குக் காணாது பாய்" என்று மனைவி முந்திக்கொண்டாள். அவர் சிரித்துவிட்டார்.

"பத்தேகாலுக்குப் பயல் மடியில இருக்கணும்னு நீங்கதான சொன்னீக? பேசிக்கிட்டே நின்னா பய பெரியாளாகி அவன் மகனுக்குக் காது குத்த வேண்டியதுதான்."

எங்கள் பெட்டிக்கு முட்டுக் கொடுத்து டிராக்டரைக் கழற்றி, அவருடைய பெட்டிக்கு முன்னால் கொண்டு போனோம். அங்கே இன்னொரு தடங்கல். அவர்களுடைய ஆணி பருமன், எங்கள் டிராக்டரின் துளையில் இறங்கவில்லை. எங்கள் ஆணியோ அவசரத்தில் சம்மட்டியால் அடித்துக் கழற்றியதில் தலை வளைந்து கிடந்தது. தம்பி தலையில் கை வைத்தான்.

சாக்குக்குள் கையை விட்டேன். அடியில் கிடந்தது உபரி ஆணி. துளையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவருடைய பெட்டியின் வளையத்தில் மட்டும் கொஞ்சம் ஆடியது. சைக்கிள் டியூபை வெட்டி ஆணியைச் சுற்றி, கம்பியால் கட்டினோம்.

"அந்தச் சாக்க இனி யாரும் சிரிக்கக் கூடாது" என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாள் சிரிக்கலப்பா" என்றாள் மகள்.

பிறகு சீரை மாற்றினோம். பாயும் மச்சினனும் அரிசி மூட்டையைத் தூக்கினார்கள். அண்டாவைத் தூக்கும்போது பாய் அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். அவர் பாத்திர வாடகைக் கடைக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. கோரிப்பாளையத்தில் கடை. தட்டுகளை மட்டும் தொடாமல் ஒதுங்கி நின்றார். சித்தி கவனித்துவிட்டது.

"ஏன்யா, தட்டு சுடுதா?"

"சாமிக்குக் கொண்டு போறது. நாங்க தொடலாமோ என்னமோன்னு…"

"புள்ளைக்குக் கொண்டு போறது. தூக்குய்யா."

தூக்கினார். ஒன்பதில் மூன்று தட்டு அவர் கையால்தான் ஏறியது. கிடாய் மட்டும் புதுப் பெட்டியில் ஏற மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றி நின்றது. "எங்க பெட்டின்னதும் பிரியாணி ஞாபகம் வந்துருச்சு போல" என்றார் மச்சினன். அந்த நிலையிலும் எல்லோரும் சிரித்தோம்.

கிளம்பும்போது, "நீங்களும் பன்னெண்டரைக்கு ஜும்மாவுக்குப் போகணுமே பாய்" என்றேன். எனக்கு அதற்கும் கவலை.

"பள்ளிவாசல் எங்கிட்டும் ஓடிறாது. நீ ஓடு மாப்ள. பயலுக்குத் துவா பண்றேன்னு சொல்லு."

கோயிலுக்குத் திரும்பும் மண் பாதையில் நுழையும்போது பத்தாகப் பத்து நிமிடம். தங்கச்சி சொன்னபடியே பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில், பாதையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பக்கத்தில் நாவிதரும் ஆசாரியும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வண்டி என்று அவளுக்குத் தெரியவில்லை, பெட்டி பச்சையாக இருந்ததால். தம்பி ஹாரன் அடித்ததும் ஓடி வந்தாள்.

மச்சானுடைய பெரியம்மா பிறையைப் பார்த்தது, 786-ஐப் பார்த்தது.

"சீரு மதுரையிலருந்து வருதா, மெக்காவுலருந்து வருதா?"

சித்தி இதற்காகத்தான் வழியெல்லாம் காத்திருந்ததோ என்னமோ. "எங்கருந்து வந்தா என்ன மதினி? எண்ணிப் பாருங்க, ஒன்பது தட்டு. காத்துல பறக்காத தட்டு."

பெரியம்மா ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணியது. பிறகு அதுவே ஒரு தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு எங்களோடு கோயிலுக்கு நடந்தது.

பயலை என் மடியில் வைத்தார்கள். முடி இறக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தவன், ஆசாரி ஊசியை எடுத்ததும் என் வேட்டியை நனைத்துவிட்டான். ஊசி இறங்கும்போது நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். மணி பார்த்தேன், நேரத்துக்குள்ளேதான்.

பந்தி முடிந்து கிளம்பும்போது எனக்கு அடுத்த கவலை. அந்த மனிதருக்கு என்ன கொண்டு போவது? கிடாய்க்கறி சாமிக்கு வெட்டியது, அவர்கள் சாப்பிட மாட்டார்கள். பொங்கலும் படைத்தது. கையை வீசிக்கொண்டு போகவா? தங்கச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நீ வந்து எறங்கிச் சொன்னதுமே எடுத்து வச்சுட்டேண்ணே" என்று ஒரு தட்டைக் கொண்டு வந்தாள். பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு பொட்டலம் மிட்டாய். "படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்தது. தைரியமாக் குடு."

என் தங்கச்சியும் அதிகம் படிக்கவில்லை. எட்டாவதுதான்.

திரும்பி வந்தபோது எங்கள் பெட்டி சொந்தக் காலில் நின்றது. புதுப் பேரிங் போட்டுக் குடத்தைத் துடைத்து வைத்திருந்தார்கள். பாய் ஜும்மாவுக்குத் திருமங்கலம் வரைக்கும் யாருடைய பைக்கிலோ போய்விட்டு, மறுபடி வந்து எங்கள் தார்ப்பாய் நிழலில் படுத்திருந்தார். காலையில் எடுக்க வேண்டிய பாத்திரத்தைச் சாயங்காலம்தான் எடுக்கப் போகிறார். மறுநாள் வேறு ஒரு கல்யாணத்துக்கு அதே பாத்திரம் போக வேண்டும் என்பதையும், அன்றைக்கு இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து தேய்த்தார்கள் என்பதையும் பிற்பாடு மச்சினன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாய் அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

"வேலை செய்யயில பொட்டு அழிஞ்சுபோச்சு" என்றார் எழுந்து உட்கார்ந்து. "நீங்களே ஒன்னு வச்சுக்கங்க. ஆனா குடத்துல வேணாம் மாப்ள. மேல பலகையில வைங்க. கிரீஸ் ஒழுகுனா கண்ணுக்குத் தெரியணும்ல?"

இன்று வரைக்கும் எங்கள் வண்டிக்குப் பலகையில்தான் பொட்டு.

பேரிங்குக்கும் லேத்துக்கும் ஆன பணத்தைப் பில்லைப் பார்த்து வாங்கிக்கொண்டார். அதில் வெட்கப்படவில்லை. தங்கச்சியின் தட்டைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இப்ப பெட்டி வாடகையச் சொல்லுங்க பாய்."

"நாள் வாடகை ஆயிரத்தைந்நூறு" என்றார். நான் சட்டைப் பையில் கைவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இரு. தாம்பூலம் வாங்கிட்டேன்ல? விசேஷ வீட்டுத் தாம்பூலத்த வாங்கிக்கிட்டு மொய் செய்யாமப் போனா மதுரைக்காரன்னு சொல்லிக்க முடியுமா? அந்த வாடகைய எங்க வீட்டு மொய்யா எழுதிக்க."

"அது எப்பிடி பாய்…"

"எழுதிக்கன்னா எழுதிக்க." பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல மச்சினனிடம் ஒரு ரூபாய் நாணயம் வாங்கி என் கையில் வைத்தார். "மொய்ய சைபர்ல முடிக்கக் கூடாதுல்ல."

"மொய்யின்னா நான் திருப்பிச் செய்யணுமே" என்றேன். எனக்கு அப்போதே மடியில் கனம் ஏறிவிட்டது.

"செய்வ. என் மூத்த மக இப்பத்தான் பதினொன்னாங் கிளாஸ். அவ நர்சுக்குப் படிக்கணுங்கிறா. அதுவரைக்கும் பொறு. கல்யாணப் பத்திரிகை வரும்."

அதற்கப்புறம் நோன்புப் பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குப் பிரியாணி வாளி வருகிறது. பொங்கலுக்குக் கரும்பும் மொச்சையும் இங்கேயிருந்து போகின்றன. நான் இப்போது அவரை பாய் என்று கூப்பிடுவதில்லை, மாமா என்கிறேன். போன் பேசும்போதெல்லாம் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று கேட்பேன். நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள், படிப்பு முடியட்டும் என்கிறார். அவள் மேலும் படிக்கப் போய்விட்டால்? பத்திரிகை தபாலில் தொலைந்துபோனால்? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? "அப்பிடி ஆச்சுன்னா நான் செய்ய மாட்டேனா?" என்கிறாள் என் மனைவி. இருந்தாலும் மகளிடமும் ஒரு தடவை சொல்லி வைத்திருக்கிறேன்.

டிராக்டர் தவணை கட்டி முடித்தாயிற்று. சங்கத்தில் வாங்கிய கடனும் தீர்ந்தது. இதை மட்டும் முன்னாலேயே கொடுக்க வழியில்லை, அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்ட அன்றைக்குத்தான் கொடுக்க முடியும். நம் பங்கைச் சேர்த்துக் கூடுதலாகத்தான் செய்வோம், அது வேறு. பாக்கி என்று நிற்பது, ஆயிரத்து ஐந்நூற்று ஒரு ரூபாய்.